முரசுக்குள் கிடந்த பல்

முப்பதை நெருங்கும் வயதில் எனக்கு ஒரு பாற்பல் ஆடத் தொடங்கியது. இடப்பக்கம், மேல் வரிசையில், கூரான வேட்டைப்பல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த சின்னப் பல். அது பாற்பல் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டை என்றுதான் நினைத்திருந்தேன். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலைக் கடித்தபோது அது ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் முதலாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவள். என் வகுப்பில் பல் ஆடாத பிள்ளையே இல்லை. ஆனால் ரீச்சருக்கும் பல் ஆடுகிறது என்றால் சிரிப்பார்களே என்று அன்றைக்கு நானே சிரித்தேன்.

அளவெட்டியிலிருந்து நல்லூருக்குக் கணவர் மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனார். அவர் தோட்டக்காரர், வெங்காயமும் பீட்ரூட்டும் போடுகிறவர். பல் டொக்டர் என்னைவிட வயது குறைந்த பெண். எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, மூக்குக்குக் கீழே சரிந்து கிடந்த ஒரு வெள்ளை உருவத்தைக் காட்டினார்.

"இதுதான் ரீச்சர் உங்கடை உண்மையான வேட்டைப்பல்லு. கீழை வர வழி தெரியாமல் அண்ணத்துக்குள்ளை படுத்திட்டுது."

"உதை உப்பிடியே விட்டா என்ன டொக்டர்?" என்று கணவர் கேட்டார்.

"பக்கத்துப் பல்லின்ரை வேரை அரிக்குது. விட்டா அந்தப் பல்லும் போயிடும். ஒண்டு, இதை வெட்டி எடுக்கவேணும். இல்லாட்டி முரசைத் திறந்து, பல்லிலை ஒரு சங்கிலி ஒட்டி, மெல்ல மெல்ல இழுத்துக் கொண்டுவர வேணும்."

ஈறு என்று புத்தகத்தில் இருப்பதை நாங்கள் முரசு என்போம். அந்தச் சொல்லை அன்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். பதினைந்து வயதில் வந்திருந்தால் லேசு, இந்த வயதில் பல் அசையும் என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "பல்லை இழுக்கிறது என்ரை வேலை. முரசைச் சுகமா வைச்சிருக்கிறது உங்கடை வேலை. முரசும் எலும்பும் பழுதானா, பல்லு வந்தும் பிரயோசனம் இல்லை."

வீட்டில் மாமி, கணவரின் தாய், முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"கலியாணம் முடிஞ்ச பிறகு ஆருக்கு வடிவு காட்டப் போறாய் பிள்ளை?"

வடிவுக்கில்லை மாமி, வேர் அரிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். மாமி கெட்டவர் இல்லை. சின்ன வயதில் புருஷனை இழந்து, தோட்டத்தில் இறங்கி, ஒரே மகனை வளர்த்தவர். கலியாணமாகிச் சில வருடங்கள் போயும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீடே ஒரு பிள்ளைக்காகக் காத்திருக்க, நான் வேறொன்றுக்குப் போய் வருகிறேன் என்பதுதான் அவருடைய ஆற்றாமை. அது எனக்கு விளங்கியது. விளங்கியும் கம்பி கட்டிக்கொண்டேன்.

வரிசையில் அந்தப் பல்லுக்கு இடம் உண்டாக்கவே ஒரு வருடம் போயிற்று. சோற்றுப் பருக்கை, கீரை நார், தேங்காய்ப்பூ எல்லாம் கம்பியில் தங்கும். சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் பல் துலக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் தண்ணீர்க் குழாயடியில் நின்று, கம்பிக்கும் முரசுக்கும் நடுவில் பிரஷைச் சரித்துப் பிடித்து ஒவ்வொரு பல்லாகத் துலக்குவேன். சிறு தூரிகை போன்ற ஒன்றைப் பல் இடுக்குகளில் விட்டெடுப்பேன். இவ்வளவு கவனமாக என் உடம்பில் எதையும் நான் பார்த்ததில்லை.

பிறகு சத்திரசிகிச்சை. அண்ணத்தில் விறைப்பூசி போட்டபோது கண்ணில் நீர் வந்தது. அதன்பின் நோவில்லை, தள்ளுவதும் சுரண்டுவதும் மட்டும் தெரிந்தது. பாற்பல்லைப் பிடுங்கினார். முரசை விரித்து, மேலே மூடியிருந்த எலும்பை வழித்தார். உள்ளே தெரிந்த பல்லில் ஒரு பொட்டளவு தகட்டை ஒட்டி, அதிலிருந்து நூல் போன்ற சங்கிலியை வெளியே எடுத்துக் கம்பியில் கட்டிவிட்டு, முரசை மூடித் தைத்தார்.

அண்ணம் வீங்கியதால் எனக்கு ழகரம் வரவில்லை. நாக்கு நுனி போய் வருட வேண்டிய இடத்தில் தையல் இருந்தது. வகுப்பில் "பழம்" என்று சொன்னால் "பளம்" என்றுதான் வந்தது. பிள்ளைகளும் கோரஸாகப் பளம் என்றார்கள். பலகையில் எழுதிக் காட்டி, பக்கத்து வகுப்பு ரீச்சரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன்.

பல் துலக்கினால் இரத்தம் வந்தது. இரத்தம் வந்தால் அந்த இடத்தைத் தொடாதே என்று எல்லோரும் சொன்னார்கள். டொக்டர் நேர்மாறாகச் சொன்னார். "இரத்தம் வாற இடத்திலைதான் ஊத்தை கிடக்கு. அந்த இடத்தைத்தான் கூடத் துலக்க வேணும். மெல்லமா, ஆனா விடாமல்." கொஞ்ச நாளைக்கு ஒரு கழுவும் மருந்து தந்தார். அது பற்களை மண்ணிறமாக்கியது, தேநீரைத் துரு மாதிரி ருசிக்க வைத்தது. பின்னேரங்களில் கணவர் என்னை யன்னலோரம் கதிரையில் இருத்தி, கைத்தொலைபேசி வெளிச்சத்தை வாய்க்குள் அடித்துப் பார்ப்பார். தோட்டத்தில் இலைப்புள்ளி பார்க்கிற அதே கவனம். "இண்டைக்குச் சிவப்புக் குறைவு. உந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் பாரும்." எங்கள் கலியாண வாழ்க்கையில் மிக நெருக்கமாக இருந்த காலம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

சங்கிலி ஒவ்வொரு கண்ணியாகக் குறைந்து வந்தது. பல் அசைகிறது என்று டொக்டர் சொன்ன மாதத்தில்தான் நான் பிள்ளைத்தாச்சி என்றும் தெரிந்தது.

மாமி அன்று கோயிலுக்குப் போய் வந்து எனக்குத் திருநீறு பூசிவிட்டார். டொக்டருக்கும் சந்தோஷம். ஆனால் உடனே கையுறையைப் போட்டுக்கொண்டு சொன்னார். "இனி எக்ஸ்ரே எடுக்க மாட்டன். இழுவையும் மெல்லமாத்தான். ரீச்சர், வயித்திலை பிள்ளை இருக்கேக்கை முரசு சும்மாவே வீங்கும். கொஞ்ச ஊத்தைக்கும் கோவிச்சுக் கொள்ளும். இரத்தம் வந்தாப் பயப்பிடாதேங்கோ, என்னட்டை வந்து துப்பரவாக்குங்கோ."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. பிரஷ் கடைவாய்க்குப் போனாலே குமட்டிச் சத்தி வந்தது. பற்பசையின் மணம் வந்தாலும் சத்தி. பசை இல்லாமல் வெறும் தண்ணீரில் துலக்கினேன். முன்பல்லோடு நிறுத்திய நாட்களும் உண்டு. மூன்று மாதம் தாண்டிச் சத்தி குறைந்தபோது என் முரசு வெட்டி வைத்த பீட்ரூட்டின் நிறத்தில் இருந்தது. சங்கிலி வெளியே வரும் இடத்தில் பயறளவு சதை தள்ளிக்கொண்டு நின்றது. வாயில் வைத்த பிட்டில் இரத்தம். விடிய எழும்பினால் தலையணையில் இரத்தம்.

தலையணை உறையைக் கழுவ எடுத்த மாமி அதைக் கண்டார். உறையைக் கையில் வைத்துக்கொண்டே அறை வாசலுக்கு வந்தார்.

"பிள்ளைத்தாச்சியின்ரை வாயாலை இப்பிடி இரத்தம் போகக்கூடாது பிள்ளை. அந்தக் கம்பியைக் கழட்டச் சொல்லு."

நான் டொக்டரிடம் கேட்டேன். நல்லூர்த் திருவிழாக் காலம் அது. வீதியெல்லாம் அடைத்திருந்தது. மோட்டார் சைக்கிளைத் தடுப்புக்கு வெளியே விட்டு, செருப்பைக் கழற்றி, மண்ணில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து போனோம். இப்போது கழற்றினால் பல் நின்ற இடத்திலேயே இறுகிப் போகலாம், பிறகு அசைக்க முடியாது என்று டொக்டர் சொன்னார். வீக்கம் பிள்ளை பிறந்தபின் வடியும், அதுவரை மாதாமாதம் வந்து துப்பரவாக்கினால் போதும். "கழட்ட வேணுமெண்டாக் கழட்டலாம். உங்கடை விருப்பம்" என்றார். கணவர் என்னைப் பார்த்தார். இருக்கட்டும் டொக்டர் என்றேன்.

ஏழாம் மாதம் ஒரு மத்தியானம். பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். சிவப்புப் பேனையை மூடி வைக்கும்போதுதான் காலையிலிருந்து உள்ளே அசைவில்லை என்பது நினைவுக்கு வந்தது. குளிர்ந்த தண்ணீர் குடித்தேன். பள்ளிக்கூடத்தில் சுகமில்லாத பிள்ளைகளைப் படுக்க வைக்கிற நீள மர வாங்கில் இடப்பக்கம் சரிந்து படுத்தேன். பிறகு கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். தோட்டத்து மண்ணோடு வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் பார்த்தவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் பெற்றேன். பெண் பிள்ளை. ஒரு துவாயில் சுற்றித் தந்தார்கள். காதுகள் மட்டும் கணவரின் காதுகள். வாய் இறுக மூடியிருந்தது. காரணம் சொல்ல முடியாது, சிலவேளை இப்படி நடக்கும், உங்களில் பிழை இல்லை என்றார்கள். காரணம் என்று ஒன்றைத் தந்திருந்தால், அது எவ்வளவு கொடியதாக இருந்தாலும், பிறகு வந்த மாதங்கள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

கணவரும் அவருடைய சித்தப்பாவும் கொண்டுபோய் மண்ணில் தாட்டுவிட்டு வந்தார்கள். எனக்குப் பால் சுரந்தது. மாமிதான் பால் வற்ற மல்லிகைப்பூவை வைத்து மார்பைச் சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டார். முடிச்சைப் போட்டுக்கொண்டே, சத்தமில்லாமல், கிட்டத்தட்டத் தனக்குள் சொன்னார்.

"சொன்னனான் எல்லோ பிள்ளை. கம்பியைக் கழட்டெண்டு. அந்த ஊத்தை இரத்தமெல்லாம் உள்ளுக்குத்தானே போனது."

கணவர் சுடுதண்ணீர்க் கேத்தலோடு வாசலில் நின்றார். அவருக்குக் கேட்டது. கேத்தலை நிலத்தில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அதன்பிறகு நான் பல் துலக்கவில்லை. துலக்க மாட்டேன் என்று முடிவெடுக்கவில்லை. காலையில் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்துவிடுவேன், அவ்வளவுதான். பிரஷைக் கையில் எடுத்தால் மாமி சொன்னது காதில் விழும். நல்லூரிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதில்லை. கணவரும் இப்போது என் வாயைப் பார்க்கக் கேட்பதில்லை. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனேன். ஒரு நாள் ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்து ஆனா எழுதப் பழக்கக் குனிந்தபோது அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கம் வந்தது. வெட்கம் வந்தும் வீட்டுக்கு வந்து ஒன்றும் செய்யவில்லை.

முரசு பற்களின் மேல் ஏறிக் கம்பியை மூடத் தொடங்கியது. சங்கிலி மறைந்தது. பிறகு ஒரு விடியலில் இடக்கன்னம் கண்வரை வீங்கியிருந்தது. வாய்க்குள் சீழ் கைத்தது. கணவர் பார்த்தார். "வெளிக்கிடும்" என்று மட்டும் சொன்னார்.

டொக்டர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. மெல்லிய கம்பியொன்றை முரசுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு ஆழம் பார்த்தார். அது போய்க்கொண்டே இருந்தது. அவருடைய கண்கள் சுருங்குவதைக் கண்டேன்.

"உள்ளுக்கை எலும்பு கரைஞ்சிட்டுது ரீச்சர். இறங்கிக்கொண்டிருந்த பல்லைச் சுத்தித்தான் கூட."

"திரும்பி வருமோ?"

"முரசு வீக்கம் வடியும். போன எலும்பு வராது."

விறைப்பூசி போட்டு, சீழை வெளியேற்றி, முரசுக்குக் கீழே பல்லில் இறுகிப் படிந்திருந்த காறையெல்லாம் சுரண்டி எடுத்தார். இழுவையை நிறுத்தினார். கணவர் மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தார். டொக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"அவரிட்டைச் சொல்லி விட்டனான், உங்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு. சொல்லேல்லையோ?"

"எப்ப டொக்டர்?"

"பிள்ளை தவறின அடுத்த கிழமை வந்தவர் எல்லோ. இந்த முரசு வீக்கத்தாலைதான் பிள்ளைக்கு அப்பிடி நடந்ததோ எண்டு கேட்டவர். நான் ஆஸ்பத்திரியிலை உங்களைப் பாத்த டொக்டரோடையும் கதைச்சனான். உங்கடை இரத்தத்திலை கிருமி ஒண்டும் இருக்கேல்லை. அதாலைதான் எண்டு சொல்ல ஒரு காரணமும் இல்லை எண்டு அவருக்கு விளங்கப்படுத்தினனான்."

நான் கதிரையில் அப்படியே படுத்திருந்தேன். இல்லை என்ற சொல்லுக்காக அத்தனை மாதம் நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் முதலே வந்துவிட்டது. அவருடைய சட்டைப்பைக்குள் இருந்திருக்கிறது.

திரும்பி வரும் வழியில் மருதனார்மடம் தாண்டியதும் நிற்பாட்டச் சொன்னேன். வீதியோரம் வெங்காயத் தோட்டம், யாரோ பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாயில் பாதி விறைத்திருந்தது. எச்சில் வழிந்தது. சொற்கள் குழறின.

"டொக்டரிட்டை நீங்கள் போய்க் கேட்டதாம். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். என்னைப் பார்க்காமல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொன்னா, நானும் அப்பிடி நினைச்சனான் எண்டு உமக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அவா இல்லையெண்டு சொன்னவா எல்லோ?"

"சொன்னவா. நம்பினனான். பிறகு வீட்டை வந்தா அம்மா கதைப்பா. திருப்பி நம்பேலாமல் போகும். மண் போட்டது நானப்பா. ஆரிலையாவது பிழை இருக்கவேணும் போலை கிடந்தது."

"என்னிலையோ?"

நான் கைக்குட்டையால் வாயைத் துடைத்தேன். எச்சிலோடு இரத்தமும் வந்தது. அவர் மோட்டார் சைக்கிளை உதைத்து "ஏறும்" என்றார். ஏறினேன். வேறு என்ன செய்வது.

அந்தக் கிழமையே அவர் குசினிக்குள் போய்த் தாயிடம் சொன்னார். நான் அறையிலிருந்து கேட்டேன். டொக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னார். மாமி எல்லாவற்றையும் கேட்டார். "டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார். அதற்குமேல் அந்தக் கதையை அவர் எடுக்கவில்லை. சொன்னதைத் திருப்பி எடுக்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து விடியக் காலையில் சுடுதண்ணீரில் உப்புக் கரைத்து, ஒரு பேணியில் மூடி, கிணற்றுக் கட்டின்மேல் வைத்துவிட்டுப் போவார். அதை ஏன் செய்தார் என்று நான் கேட்டதில்லை.

நான் மறுபடி துலக்கத் தொடங்கினேன். முதல் நாட்களில் வாய் முழுக்க இரத்தம். இரத்தம் வரும் இடத்தை விடவில்லை. சில கிழமைகளில் வீக்கம் வடிந்தது, நாற்றம் போனது. முரசு சுகமாகிவிட்டது என்று நிச்சயமானபின்தான் டொக்டர் மீண்டும் இழுக்கத் தொடங்கினார், முன்னையதில் பாதி வேகத்தில். பல் இறங்கியது. முரசு அதனோடு சேர்ந்து இறங்கவில்லை.

கம்பி கழற்றிய நாளில் டொக்டர் கண்ணாடியைத் தந்தார். வேட்டைப்பல் தன் இடத்தில், வரிசையில் நின்றது. மற்றவற்றைவிட நீளமாக, மேற்பாதியில் வேர் மஞ்சளாக வெளியே தெரிய நின்றது. அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டிப் பார்க்கலாம், ஆனால் எலும்பு இல்லாத இடத்தில் அது பிடிக்குமென்று சொல்ல முடியாது என்றார். நான் வேண்டாம் என்றேன். விரலால் தொட்டால் லேசாக அசையும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் தலைவரை கூசும்.

"நிக்கும் ரீச்சர்" என்றார். "எவ்வளவு காலம் எண்டு மட்டும் கேக்காதேங்கோ."

அரிபட்ட பக்கத்துப் பல் தப்பிவிட்டது. ழகரமும் திரும்பி வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை துப்பரவாக்கப் போகிறேன். இப்போது இரத்தம் வருவதில்லை. அதன்பிறகு எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. கணவரும் நானும் நல்லபடியாகத்தான் இருக்கிறோம். ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கிறோம், ஒன்றாகச் சாப்பிடுகிறோம். மற்றவருக்கு நோகும் என்று தெரிந்ததை இருவருமே சொல்வதில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டவை எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

போன தடவை போனபோது டொக்டர் கேட்டார், இன்னொரு பிள்ளைக்கு நினைத்திருக்கிறீர்களா என்று. "நினைச்சா முதலே சொல்லுங்கோ. எடுக்கவேண்டிய எக்ஸ்ரேயை முன்னமே எடுத்து, முரசையும் ஒருக்கா நல்லாத் துப்பரவாக்கிப் போட்டுத் தொடங்குவம்." சொல்கிறேன் என்றேன்.

வெளியே வந்து கணவரிடம் அதைச் சொன்னேன். அவர் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். கோயில் வீதி தாண்டி, தட்டாதெருச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றோம்.

"பாப்பம்" என்றார்.

"ஓம்" என்றேன். விளக்குப் பச்சையானது.